வேலையும் வீடும் ஒரே கையில்: வட கரோலினாவின் மில் கிராமங்கள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கன்னாபொலிஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1950 வாக்கில் அங்கே ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயங்கள், சினிமா கொட்டகை, கடைத்தெரு, போலீஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் இருந்தன. மேயர் மட்டும் இல்லை. நகர சபை கிடையாது, உள்ளாட்சித் தேர்தல் கிடையாது. சட்டத்தின் கணக்கில் அது ஒரு நகரமே இல்லை. கடைத்தெருக் கட்டடங்களும், மில்லைச் சுற்றியிருந்த வீடுகளும் கேனன் மில்ஸ் என்ற ஒரே பஞ்சாலைக் கம்பெனியின் சொத்து. போலீஸ்காரர்களின் சம்பளமும் அந்தக் கம்பெனியின் பணம்தான். 1984இல்தான் அந்த ஊர் முறைப்படி நகரமாகப் பதிவானது.

இதைப் போன்ற ஊர்களை மில் கிராமம் என்பார்கள். மில்லைக் கட்டும்போதே தொழிலாளிகளுக்கான வீடுகளையும் முதலாளி கட்டுவார். வீடுகளை விற்கமாட்டார், தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, மில்லில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் குறைந்த வாடகைக்கு விடுவார். வேலை போனால் வீடும் போகும். ஏற்பாடு இவ்வளவுதான். வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் லட்சக்கணக்கான பஞ்சாலைத் தொழிலாளிகள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். அந்தப் பகுதியின் அரசியல், பாட்டு, விளையாட்டு, தொழிற்சங்க வரலாறு எதைப் படித்தாலும் மில் கிராமம் குறுக்கே வந்து நிற்கும். அதைப் புரிந்துகொள்ளாமல் மற்றவை புரியாது.

கூலியையும் வேலை நேரத்தையும் வைத்து இதை விளக்குவதுதான் வழக்கம். நான் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த மக்கள் ஏன் அவ்வளவு விசுவாசமாக இருந்தார்கள், ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

முதலாளி ஏன் வீடு கட்டினார்?

உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் பணப்புழக்கம் மிகக் குறைவு. பருத்தி விளைந்தது, ஆனால் விலை விழுந்துகொண்டே போனது. விதைக்கும் உரத்துக்கும் கடைக்காரரிடம் கடன் வாங்கிய சிறு விவசாயி, அறுவடையை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டுக்கு மறுபடி கடன் வாங்கினார். நிலத்தை இழந்து, விளைச்சலில் பங்கு என்ற ஏற்பாட்டில் அடுத்தவர் நிலத்தை உழுதவர்கள் ஏராளம்.

இன்னொரு பக்கம், பீட்மான்ட் என்ற மேட்டுப் பகுதியில் ஆறுகள் இருந்தன. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே கட்டாபா, யாட்கின், ஹா போன்ற ஆறுகள் படிப்படியாக இறங்கி ஓடுகின்றன. இறங்கும் தண்ணீரால் சக்கரத்தைச் சுழற்றி மில்லை ஓட்டலாம். ஆனால் தண்ணீர் விழும் இடத்தில் ஊர் இருக்காது. காட்டுக்குள் மில்லைக் கட்டினால் வேலைக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள்? பத்து மைல் சுற்றளவில் சிதறிக் கிடந்த விவசாயக் குடும்பங்களைத்தான் கூட்டி வர வேண்டும். அவர்கள் வந்தால் தங்க வீடு வேண்டும். ஆக, முதலில் கட்டிய வீடுகள் தாராள மனத்தால் வந்தவை அல்ல. அவை இல்லாமல் மில் ஓடியிருக்காது.

பிறகு மின்சாரம் வந்தது. சிகரெட் வியாபாரத்தில் பெரும் பணக்காரரான ஜேம்ஸ் டியூக், 1905இல் தொடங்கப்பட்ட ஒரு மின் நிறுவனத்தில் பணம் போட்டு, கட்டாபா ஆற்றில் வரிசையாக அணை கட்டினார். புகையிலையில் சம்பாதித்த பணம் ஆற்று மின்சாரமாகி, அந்த மின்சாரம் பஞ்சாலைகளை ஓட்டியது. வட கரோலினாவின் பெரிய தொழில்கள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொண்டன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மின்சாரம் வந்த பின் மில் ஆற்றங்கரையில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. ஆனாலும் மில் கிராமம் போகவில்லை. வீடு வைத்திருப்பதில் வேறொரு லாபம் இருப்பதை முதலாளிகள் அதற்குள் கண்டுகொண்டிருந்தார்கள்.

நாலு அறை வீடு

அந்த வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். மரப்பலகைச் சுவர், செங்கல் தூண்கள் மேல் தூக்கி வைத்த தரை, முன்னால் ஒரு திண்ணை. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு அறை. தெரு முழுக்க ஒரே அச்சு. பின்பக்கம் காய்கறி போடவும் கோழி வளர்க்கவும் கொஞ்சம் இடம். பல ஊர்களில் பன்றிக்கும் மாட்டுக்கும் தனியாகத் தொழுவம் ஒதுக்கியிருந்தார்கள். ஆரம்ப காலத்தில் தண்ணீர் தெருக்குழாயிலோ கிணற்றிலோதான். கழிப்பறை வீட்டுக்கு வெளியே. கிராமத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு இது வசதிக்குறைவாகத் தெரியவில்லை. குத்தகை நிலத்துக் குடிசையைவிட இது மேல். வீட்டில் விளக்கு எரிந்தது, வாராவாரம் கையில் காசு வந்தது.

வாடகையை அறைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டார்கள். வாரத்துக்கு ஓர் அறைக்கு 25 சென்ட் என்பது பரவலாக இருந்த கணக்கு. ஆனால் அதோடு எழுதாத வாடகை ஒன்றும் இருந்தது. பல மில்களில் ஓர் அறைக்கு ஓர் ஆள் வேலைக்கு வர வேண்டும். நாலு அறை வீடு வேண்டுமானால் குடும்பத்திலிருந்து நாலு பேர். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1908 முதல் கரோலினா மில்களுக்குள் போய் எடுத்த படங்களில், நூற்பு இயந்திரத்தின் முன் காலில் செருப்பில்லாமல் நிற்கும் சிறுமிகளைப் பார்க்கலாம். அவர்கள் அங்கே நின்றதற்கு வறுமை ஒரு காரணம் என்றால், இந்த அறைக் கணக்கு இன்னொரு காரணம். முதலாளி வேலைக்கு எடுத்தது ஒரு தொழிலாளியை அல்ல, ஒரு குடும்பத்தை. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களை இப்படிப்பட்ட ஆலைகளில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நாடு முழுவதற்கும் நிலையான சட்டம் வர 1938 ஆகிவிட்டது. மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்பதும் அதே சட்டத்தில்தான் வந்தது.

உள்ளே என்ன வேலை?

பருத்தி பேல் என்ற பெரிய கட்டுகளாக மில்லுக்கு வரும். முதலில் அதைப் பிரித்துத் தட்டி, குப்பையையும் தூசியையும் நீக்க வேண்டும். அடுத்து கார்டிங்: நுண்ணிய கம்பிப் பற்கள் வைத்த உருளைகள் பஞ்சைச் சீவி, இழைகளை ஒரே திசையில் படுக்க வைக்கும். சீவிய பஞ்சை இழுத்து மெல்லிசாக்கி, முறுக்கேற்றி நூலாக்குவது ஸ்பின்னிங். பிறகு பாவு (துணியின் நீளவாக்கு நூல்) ஓட்டுவது, பாவுக்குக் கஞ்சி போடுவது, கடைசியாகத் தறி.

கன்னாபொலிஸில் நெய்தது குளியல் துண்டு. துண்டின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கின்றன அல்லவா, அவைதான் தண்ணீரை உறிஞ்சுபவை. அதற்குத் தறியில் இரண்டு பாவு ஓடும். ஒன்று இறுக்கமாக, மற்றொன்று தளர்வாக. குறுக்கே போகும் சில ஊடை இழைகளைக் கொஞ்சம் தள்ளி விட்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அடியாக முன்னே தள்ளினால், தளர்ந்த பாவு மேலே எழும்பி வளையமாக நிற்கும். இறுக்கமான பாவு அடியில் துணியைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பின்னிங்கில் நிற்பவர் பெரும்பாலும் பெண். நீளமான இயந்திரத்தின் பக்கமாக நடந்துகொண்டே இருப்பார். எங்கே நூல் அறுகிறதோ அங்கே விரலால் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நூல் சுற்றும் பாபின் நிறைந்ததும் அதை எடுத்துவிட்டு வெற்றுப் பாபின் மாட்டுபவர் டாஃபர். அது பையன்களின் வேலை. தறிக்கூடத்தில் சத்தம் எப்படி என்றால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டசைவைப் பார்த்தும் கையைக் காட்டியும் பேசப் பழகிக்கொண்டார்கள். நூல் காய்ந்தால் அறுந்துவிடும் என்பதால் கூடத்தில் எப்போதும் ஈரக் காற்று. அந்தப் புழுக்கத்தில் வியர்த்த உடம்பில் பஞ்சு ஒட்டும், தலைமுடியில் படியும். தலையில் பஞ்சோடு வீடு திரும்புகிறவர்களை டவுன்காரர்கள் ‘லின்ட்ஹெட்’ என்று ஏளனமாக அழைத்தார்கள். பஞ்சுமண்டை என்று சொல்வதுபோல. மில் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளியில் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

சார்லஸ் கேனன் என்ற முதலாளி

ஜேம்ஸ் வில்லியம் கேனன் 1887இல் கான்கார்ட் என்ற ஊரில் மில் தொடங்கினார். 1906இல் அதற்கு வடக்கே விவசாய நிலத்தை வாங்கி, துண்டு மில்லுக்காகவே கன்னாபொலிஸை உண்டாக்கினார். 1921இல் அவர் இறந்த பிறகு மகன் சார்லஸ் பொறுப்புக்கு வந்தார். அதன்பின் ஐம்பது ஆண்டுகள், 1971இல் சாகும்வரை, அந்த ஊரில் நடந்த எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. தொழிலாளிகள் அவரை ‘மிஸ்டர் சார்லி’ என்றார்கள்.

வியாபாரத்தில் கெட்டிக்காரர். துண்டு என்றால் பெயரில்லாத சரக்கு என்று எல்லோரும் நினைத்த காலத்தில், ஒவ்வொரு துண்டிலும் கேனன் என்று சீட்டுத் தைத்து, நாடு முழுவதும் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார். நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவில் குளியலறைத் துண்டு என்றாலே கேனன் என்று ஆகியிருந்தது. 1930களில் கடைத்தெரு முழுவதையும் பழைய குடியேற்றக் காலத்துப் பாணியில், செங்கல் முகப்பும் வெள்ளை மரவேலையுமாக மாற்றிக் கட்டினார். ஆஸ்பத்திரி கட்ட முன்னின்றார். தொழிலாளிகளுக்காக நடத்திய ஒய்.எம்.சி.ஏ.வில் நீச்சல் குளமும் விளையாட்டு அரங்கும் இருந்தன. வீட்டுக் கூரை ஒழுகினால் கம்பெனி ஆள் வந்து சரிசெய்வார். சுவருக்கு வண்ணம் அடிப்பதும் கம்பெனிதான்.

இந்த நன்மைகள் உண்மையானவை. அங்கே வாழ்ந்த முதியவர்கள் பலர் அந்தக் காலத்தை ஏக்கத்தோடுதான் பேசினார்கள். பூட்டாத கதவு, எல்லோரையும் தெரிந்த தெரு, சாவுக்கு சோறு கொண்டு வரும் பக்கத்து வீட்டார். அந்த நினைவைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், அந்த மேயர் இல்லாத ஊரில் தெருவில் ஒரு பள்ளம் விழுந்தால் முறையிட வேண்டிய இடமும், சம்பளம் போதவில்லை என்றால் முறையிட வேண்டிய இடமும், பையனைப் போலீஸ் பிடித்தால் போய் நிற்க வேண்டிய இடமும் ஒன்றுதான் என்பதை மறக்கக் கூடாது. கொடுத்த கையே எடுக்கவும் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று: இந்த வீடுகளும் இயந்திர வேலைகளும் வெள்ளையருக்கு. கறுப்பின ஆண்களுக்குக் கிடைத்தவை பேல் பிரிப்பது, முற்றத்தில் சுமை தூக்குவது, தரை கழுவுவது போன்ற வேலைகள். கறுப்பினப் பெண்களுக்கு மில்லுக்குள் இடமே அரிது. வெள்ளைத் தொழிலாளிகளின் வீடுகளில் குழந்தை பார்க்கவும் துணி துவைக்கவும் போனார்கள். பக்கத்திலிருந்த தென் கரோலினாவில் 1915இல் இதற்குச் சட்டமே போட்டார்கள்: ஒரே அறையில் இரண்டு இனத்தாரும் சேர்ந்து வேலை செய்யக் கூடாது. இனப் பாகுபாட்டைத் தடை செய்து 1964இல் வந்த சிவில் உரிமைகள் சட்டத்துக்குப் பிறகுதான் கதவு திறந்தது. திறந்தபோது கறுப்பினத் தொழிலாளிகள், முக்கியமாகப் பெண்கள், ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். அதுவரை தெற்கிலேயே இருக்க முடியாமல் வடக்கே போன குடும்பங்கள் ஏராளம். ஃபங்க் இசையின் முன்னோடிகளில் ஒருவரான ஜார்ஜ் கிளின்டன் 1941இல் கன்னாபொலிஸில்தான் பிறந்தார். வளர்ந்தது நியூ ஜெர்சியில்.

வேலைநிறுத்தம் செய்தால்?

வீடு எப்படி ஆயுதமாகும் என்பது வேலைநிறுத்தத்தின்போது தெரியும். 1920களில் முதலாளிகள் ஒரே ஆளுக்கு அதிகத் தறிகளைக் கொடுத்தார்கள். கூலி ஏறவில்லை. தொழிலாளிகள் இதை ‘ஸ்ட்ரெச் அவுட்’ என்றார்கள். ஆளை இழுத்து நீட்டுவது என்ற பொருளில். கழிப்பறைக்குப் போகக்கூட நேரமில்லை என்பதுதான் அவர்களின் முதல் புகார்.

1929இல் கேஸ்டோனியா என்ற ஊரில் லோரே மில்லில் வேலைநிறுத்தம் வெடித்தது. மில் நிர்வாகம் செய்த காரியங்களில் ஒன்று, வேலைநிறுத்தம் செய்த குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றியது. கட்டில், அடுப்பு, தொட்டில் எல்லாம் தெருவுக்கு வந்தன. அவர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள்.

அந்தப் போராட்டத்தில் எல்லா மே விக்கின்ஸ் என்ற பெண்ணை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து ஊரான பெசமர் சிட்டியில் நூல் மில் தொழிலாளி. ஒன்பது பிள்ளை பெற்றவர். இரவு ஷிஃப்டிலிருந்து பகலுக்கு மாற்றுங்கள், பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் என்று கேட்டும் மாற்றவில்லை; நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் அவர் சங்கத்துக்கு வந்தார். கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடினார். கறுப்பினத் தொழிலாளிகளையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று வாதாடிச் சேர்த்தார். 1929 செப்டம்பர் 14 அன்று, கூட்டத்துக்குப் போகும் லாரியை ஒரு கும்பல் மறித்துச் சுட்டதில் இறந்தார். வயது 28. பட்டப்பகலில், பலர் பார்க்க நடந்த கொலை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரும் விடுதலையானார்கள்.

எல்லா மே மில் வீட்டில் குடியிருக்கவில்லை. கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பில் வீடெடுத்துத் தங்கியிருந்தார். அவர் துணிச்சலுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவரை வீட்டைவிட்டு விரட்டும் அதிகாரம் மில் மேலாளருக்கு இல்லை. கறுப்பினத் தொழிலாளிகள் அவருக்கு அந்நியர்கள் அல்ல, அக்கம்பக்கத்துக்காரர்கள். மில் கிராமத்துக்குள் இருந்த ஒருவருக்கு இந்த இரண்டும் கிடைத்திருக்காது.

1934 செப்டம்பரில் நாடு தழுவிய பஞ்சாலை வேலைநிறுத்தம் நடந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். லாரிகளிலும் கார்களிலும் ஏறி மில்லுக்கு மில் போய் வேலையை நிறுத்திய குழுக்களைப் பறக்கும் படை என்றார்கள். தென் கரோலினாவின் ஹனியா பாத் என்ற ஊரில் செப்டம்பர் 6 அன்று மில் வாசலில் துப்பாக்கிச் சூடு. ஏழு தொழிலாளிகள் செத்தார்கள். அந்த ஊரின் மேயரும் மில்லின் மேலாளரும் ஒரே ஆள். மூன்று வாரத்தில் சங்கம் போராட்டத்தை விலக்கிக்கொண்டது. கலந்துகொண்டவர்களை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்லி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டார். பல மில்கள் எடுக்கவில்லை. பெயர்ப் பட்டியல் மில்லிலிருந்து மில்லுக்குப் போனது. எந்த மில்லிலும் வேலை இல்லை என்றால், எந்த மில் கிராமத்திலும் வீடும் இல்லை.

இதன் பிறகு வந்த மௌனத்தைக் கவனியுங்கள். ஹனியா பாத்தில் செத்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க 1995 வரை ஆனது. அப்பா என்ன ஆனார் என்று பிள்ளைகளுக்கே சொல்லாத குடும்பங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1946இல் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்று தெற்கு முழுவதையும் சங்கத்துக்குள் கொண்டுவர ஆட்களை அனுப்பியது. கன்னாபொலிஸ் அவர்களின் முக்கிய இலக்குகளில் ஒன்று. அங்கே அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. தெற்குத் தொழிலாளிக்குச் சங்கம் பிடிக்காது, அவர் குணமே அப்படி என்று சிலர் எழுதினார்கள். 1934இல் தெருவில் கிடந்த கட்டிலைப் பார்த்து வளர்ந்தவரிடம் குணத்தைத் தேடுவது நியாயம் இல்லை.

பாட்டும் பந்தும் காரும்

மில் கிராமத்திலிருந்து வந்த பெயர்பெற்றவர்கள் பலர் இந்த மூன்று வழிகளில் ஒன்றில்தான் வெளியே வந்தார்கள். பேஸ்பால் அணியை மில்லே நடத்தியது. நன்றாக ஆடுகிறவருக்கு மில்லுக்குள் கொஞ்சம் லேசான வேலை கிடைக்கும். கன்னாபொலிஸ் அணிக்குப் பெயரே டவலர்ஸ், அதாவது துண்டுக்காரர்கள்.

பாட்டு விஷயம் இன்னும் சுவையானது. மலையிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவர்கள் பிடில், பாஞ்சோவோடு வந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்ததால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். சார்லட் நகர வானொலி அவர்களைக் கூப்பிட்டுப் பாடவைத்தது. தறிக்காரரான டோர்சி டிக்சன் தறிக்கூடத்தைப் பற்றியே பாட்டுக் கட்டினார். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் போர்க்காலத்தில் ஷெல்பி ஊரின் நூல் மில்லில் வேலை பார்த்தார். 1945 கடைசியில் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்து, மூன்று விரலால் பாஞ்சோ வாசிக்கும் முறையை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனார். இன்று புளூகிராஸ் என்று கேட்கும் இசையில் பாஞ்சோவின் வேகம் அவர் கொடுத்தது.

கன்னாபொலிஸில் கார் டவுன் என்று ஒரு பகுதி. தெருக்களுக்கு செடான், கோச் என்று கார் வகைகளின் பெயர். அங்கே குடியிருந்த ரால்ஃப் எர்ன்ஹார்ட் மில் வேலையை விட்டு வாரச்சந்தை போல ஊர் ஊராக நடக்கும் மண்பாதைப் பந்தயங்களுக்குப் போனார். 1956இல், அமெரிக்காவின் பெரிய கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் சாம்பியன். அவர் மகன் டேல் 1951இல் பிறந்தவர். ஏழு முறை நாஸ்காரின் முதன்மைப் பட்டத்தை வென்று, 2001இல் டேடோனா பந்தயத்தில் விபத்தில் இறந்தார். நாஸ்கார் ரசிகர்களில் பலர் டேலை ஒரு வீரராக மட்டும் பார்க்கவில்லை; மில்லுக்குள் போயிருக்க வேண்டிய பையன் போகாமல் தப்பித்த கதையாகவும் பார்த்தார்கள்.

வீடுகள் கைமாறின

1930களின் நடுவிலேயே சில கம்பெனிகள் வீடுகளை விற்கத் தொடங்கிவிட்டன. போருக்குப் பின் அது வேகம் பிடித்தது. ஸ்பென்சர் லவ் தலைமையில் செயற்கை இழையில் வளர்ந்து உலகின் மிகப் பெரிய ஜவுளி நிறுவனமாகிய பர்லிங்டன், இந்த மாற்றத்தில் முன்னால் நின்றது. காரணம் எளிது. தொழிலாளி கார் வாங்கிவிட்டார். இருபது மைல் தள்ளி இருந்தும் வேலைக்கு வரலாம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபின், வாடகை மலிவு என்று சொல்லிக் கூலியைக் குறைக்க முடியவில்லை. பிள்ளைகளை வேலைக்கு வைக்க முடியாததால் அறைக்கு ஓர் ஆள் என்ற கணக்கும் செத்தது. பழுது பார்க்கும் செலவு மட்டும் மிஞ்சியது. குடியிருந்தவருக்கே முதல் உரிமை கொடுத்து, தவணையில் விற்றார்கள்.

கேனன் மட்டும் விற்கவில்லை. 1982இல் டேவிட் மர்டாக் என்ற முதலீட்டாளர் கம்பெனியை வாங்கியபோதும் ஏறத்தாழ 1,600 வீடுகள் அதன் கையில் இருந்தன. அவர்தான் அவற்றை விற்றார்.

மார்பில் படிந்த பஞ்சு

மில் தந்த நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்டிங்கில் பல ஆண்டு நின்றவர்களுக்கு மூச்சு இழுக்கும். இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போனால்தான் மார்பு இறுகும், வாரம் போகப் போகக் குறையும். வருடங்கள் கழியும்போது செவ்வாய்க்கும் நீளும், பிறகு எல்லா நாளும் இருக்கும். பஞ்சுத் தூசியால் வரும் இந்த நோய்க்கு மருத்துவப் பெயர் பிசினோசிஸ். தொழிலாளிகள் சொன்னது பிரவுன் லங்.

பிரிட்டனில் 1940களிலேயே இதற்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். அமெரிக்காவில் மில்காரர்கள் இப்படி ஒரு நோய் எங்களிடம் இல்லை என்றார்கள். மருத்துவர்கள் ஆஸ்துமா என்றோ, சிகரெட் என்றோ எழுதிக் கொடுத்தார்கள். யேல் பல்கலைக்கழக மருத்துவர் அரெண்ட் பௌஹுய்ஸ் 1960களின் பிற்பகுதியில் செய்த ஆய்வுகள் இந்தப் பேச்சை உடைத்தன. 1975இல் பாதிக்கப்பட்ட தொழிலாளிகளே கரோலினாவில் சங்கம் வைத்தார்கள். இரண்டு படி ஏறினால் உட்கார வேண்டிய முதியவர்கள் அரசு விசாரணைகளுக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள். 1978இல் தூசிக்கு வரம்பு வைத்து மத்திய அரசு விதி போட்டது. மில்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1981இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. தூசியை உறிஞ்சும் புது இயந்திரங்கள் வந்தன. அவை வந்தபோது துணி உற்பத்தியும் வேகமாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தனை ஆண்டு தடுத்ததற்கு என்ன காரணம் சொல்வது?

பயம் உடைந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். 1973இல் ரோனோக் ரேப்பிட்ஸ் என்ற ஊரில் ஜே.பி. ஸ்டீவன்ஸ் மில்லில் துண்டு மடிக்கும் வேலையில் இருந்தவர் கிறிஸ்டல் லீ சட்டன். கூலி மணிக்கு 2.65 டாலர். மில் குடும்பத்தில் பிறந்தவர். சங்க வேலைகளில் ஈடுபட்டதற்காக வேலையை விட்டு அனுப்பியபோது, ஓர் அட்டையில் ‘யூனியன்’ என்று எழுதி, மேசை மேல் ஏறி நின்று காட்டினார். ஒவ்வொருவராக இயந்திரத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அங்கே சங்கம் தேர்தலில் வென்றது. அந்த வெற்றியில் மில்லுக்குள் புதிதாக வந்திருந்த கறுப்பினத் தொழிலாளிகளின் ஓட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தாக 1980 ஆனது. கிறிஸ்டலின் கதை 1979இல் சினிமாவாக வந்து உலகம் முழுக்கத் தெரிந்தது.

கன்னாபொலிஸில் சங்கம் ஜெயிக்க 1999 ஆனது. அதற்குள் கம்பெனி பல கை மாறி பில்லோடெக்ஸ் என்ற பெயரில் இருந்தது. வெளிநாட்டுத் துண்டுகள் மலிவாக வந்து குவிந்தன. 2003 ஜூலை 30 அன்று பில்லோடெக்ஸ் மூடியது. வட கரோலினாவில் மட்டும் 4,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அந்த மாநிலம் அதுவரை காணாத எண்ணிக்கை. மில்லை இடித்த இடத்தில் மர்டாக் ஓர் ஆராய்ச்சி வளாகத்தைக் கட்டினார். வேலை இழந்தவர்களில் பலர் பள்ளி முடிக்காதவர்கள். பதினாறு வயதில் மில்லுக்குப் போகிற பையனுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. அப்பாவும் அம்மாவும் உள்ளே இருந்தால் போதும், அவனுக்கும் இடம் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் அவர்கள் உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் பள்ளிப் பாடத்தை விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்கள்.